கருங்கண்மாய் ரோட்டுக்கு மூன்றாவது ஆள்

ராஜபாளையம்
4.8.2025

அன்புள்ள மதினிக்கு,

சிவபாண்டி எழுதுகிறேன். உங்கள் நம்பருக்கு அடித்தால் போகவே மாட்டேன் என்கிறது. சிநேகிதன் போனிலிருந்து அடித்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் தபால். பதிவுத் தபால் என்றதும் கோர்ட்டு நோட்டீஸ் என்று பயந்துவிட வேண்டாம். உங்கள் கைக்கே வந்து சேர வேண்டுமே என்று அப்படி அனுப்பினேன்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. அய்யனார் கோவில் பக்கம் நல்ல மழை, ஊருக்குள் ஒரு பொட்டு விழவில்லை. ரஞ்சனி இப்போது ஒன்பதாவதுதானே? கேட்டதாகச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்ப்பது ரோடு, வாய்க்கால் எல்லாம் அளந்து படம் போட்டுத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்கிற கம்பெனி என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது நம் கருங்கண்மாய் ரோட்டை எடுத்திருக்கிறோம். பஸ் ஸ்டாப்பிலிருந்து மில் கேட்டைத் தாண்டி இரண்டே கால் கிலோமீட்டர். ஒரு பக்கம் நடைபாதை. இன்னொரு பக்கம் நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து போகிற மாதிரி எட்டடி அகலப் பாதை, வண்டிகள் ஏறாதபடி ஓரத்தில் கம்பி. ஒரு வேப்பமரத்தைக்கூட வெட்டவில்லை, அப்படி வரைந்திருக்கிறேன். நகராட்சி இதற்கு மானியம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறது. கடைசி நாள் செப்டம்பர் 30.

மானியம் கொடுக்கிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். கடந்த மூன்று வருடத்தில் அந்த ரோட்டில் நடந்து போனவர்கள் மூன்று பேராவது வண்டி அடித்து இறந்திருக்க வேண்டும். ஆதாரத்தோடு காட்டினால்தான் அபாயச் சாலை என்று ஒத்துக்கொள்வார்கள். எங்களிடம் இரண்டு இருக்கிறது. வாட்ச்மேன் ஆண்டிச்சாமி, பஞ்சு குடோனில் இருந்த பேச்சிமுத்து. இரண்டுக்கும் போலீஸ் கேஸ் இருக்கிறது. ஒன்று குறைகிறது.

அண்ணனைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

கேஸ் பதிவாகாத சாவு என்றால் மனைவி நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே போதுமாம். வாசகத்தை நானே டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், கையெழுத்து மட்டும் போட்டால் போதும். போனவர் போய்விட்டார். நாலு பேர் நடக்கிற பாதைக்காவது அவர் உதவட்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கொழுந்தன்,
சிவபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.8.2025

சிவபாண்டிக்கு,

தபால் வந்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். உங்கள் வீட்டிலிருந்து எனக்கு எது வந்தாலும் கையெழுத்துக் கேட்டுக்கொண்டுதான் வருகிறது.

போனை எடுக்க மாட்டேன். உன்னிடம் வாயால் பேசிப் பட்டது போதும். எதுவானாலும் எழுது, நானும் எழுதுகிறேன். நாளைக்கு நீ ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே மதினி’ என்று சொல்ல முடியாது பார்.

அண்ணனைச் சேர்த்தால் சரியாகிவிடுமா? மாங்காய் மண்டியில் எடை குறைந்தால் கூடையில் இன்னொரு காயை எடுத்துப் போடுவார்கள். உன் அண்ணன் தினமும் செய்த வேலை அது. அப்படி எழுதியிருக்கிறாய் அவரைப் பற்றி.

நீ டைப் அடித்த தாளில் ‘சாலையில் நடந்து சென்றபோது வாகனம் மோதி’ என்று இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீயே எழுதி என்னிடம் நீட்டிய தாளில் என்ன இருந்தது? ‘நடந்து சென்றபோது தலை சுற்றி விழுந்து.’ அதற்கும் கையெழுத்து மட்டும் போதும் என்றுதான் சொன்னாய்.

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். 2023 ஜூன் 14, புதன்கிழமை. மதியம் இரண்டு மணிக்குச் சோற்றுக்காக மண்டியிலிருந்து நடந்து வந்தார். அந்த ரோட்டு ஓரம் முழுக்கக் குழியும் கருவேல முள்ளும், தார் மேல்தான் நடந்தாக வேண்டும். மில் வேன் பின்னாலிருந்து அடித்தது. தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போனீர்கள். உயிர் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து நீ பேசினாய். ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

“மதினி, கேஸுன்னு போனா அறுத்திருவாங்க. மண்டையில இருந்து வயிறு வரைக்கும் அறுத்துத் தச்சு, துணியில சுத்தித்தான் குடுப்பாங்க. மொகத்தைக்கூடப் பாக்க முடியாது. அம்மா தாங்குவாகளா? ரஞ்சனி தாங்குவாளா? தலை சுத்தி விழுந்துட்டாருன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. செத்த நேரத்துல வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்.”

நான் கேட்டேன், “அப்ப அந்த வேன்காரன்?”

“அதைப் பொறவு பாத்துக்கிடலாம் மதினி.”

அந்தப் பொறவு இன்னும் வரவில்லை.

என்னையும் நல்லவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் உடம்பில் கத்தி படக் கூடாது என்று நானும்தான் நினைத்தேன். நம் பக்கத்தில் யார்தான் நினைக்கவில்லை? முழு உடம்பாக வீட்டுக்கு வர வேண்டும், மாலை போட வேண்டும், அவ்வளவுதான் அப்போது புத்தியில் இருந்தது. நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டினார்களே, அப்போதுதான் பார்த்தேன். இடுப்பில் டயர் அச்சு பதிந்திருந்தது. தலைசுற்றலுக்கு டயர் உண்டா சிவபாண்டி? அதற்குள் கையெழுத்துப் போட்டு முடிந்துவிட்டது.

இப்போது ‘வாகனம்’ என்கிறாய். எந்த வாகனம்? யாருடையது? அதற்கு நம்பர் கிடையாதா? பதில் எழுது.

முனீஸ்வரி


ராஜபாளையம்
17.8.2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு முப்பது வயது. செத்துக் கிடந்தது என் கூடப் பிறந்தவர். அந்த நேரத்தில் எது சரி என்று எனக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கணக்காகத் திட்டம் போட்டுச் செய்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அது யாருடையது என்று எழுத முடியாது. காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். மில் மதிலை ஒட்டி ரோடு ஒடுங்குகிறது. மில் தன் இடத்தில் ஆறடி விட்டுக்கொடுத்தால்தான் எட்டடிப் பாதை தொடர்ச்சியாகப் போகும். நடுவில் அறுந்த பாதைக்கு மானியம் கிடையாது. ஆறடி விடுகிறோம் என்று மில்லில் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் வைகுண்டராஜ் சார் கடிதத்தை விண்ணப்பத்தோடு சேர்த்து வைக்கத் தருவதாக இருக்கிறார். அவர்கள் வேன்தான் அடித்தது என்று அதே பைலில் வைத்தால் சம்மதம் வருமா, நீங்களே சொல்லுங்கள். ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று போட்டாலும் அண்ணன் எண்ணிக்கையில் வந்துவிடுவார். எங்களுக்கு வேண்டியது எண்ணிக்கைதான்.

நான் மூன்று நாள் அந்த ரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆள் எண்ணினேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டதும் கால் மணி நேரத்தில் நானூறு பேர் நடக்கிறார்கள். முக்கால்வாசி பெண்கள். தோளில் உரசிக்கொண்டு பஞ்சு லாரி போகிறது. உங்களோடு வேலை பார்க்கிற விஜி, நம் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண், என்னைப் பார்த்துவிட்டு நின்றாள். “அண்ணே, நெசமாவே பாதை போடுவீகளா, இல்ல அளந்துட்டு மட்டும் போயிருவீகளா?” என்று கேட்டாள். போடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்காகவாவது கையெழுத்துப் போடுங்கள்.

சிவபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.8.2025

சிவபாண்டிக்கு,

அடையாளம் தெரியாத வாகனம். அடேயப்பா, படித்தவன் படித்தவன்தான்.

அடையாளம் நான் சொல்கிறேன், எழுதிக்கொள். நம்பர் 4418-ல் முடியும். முன்னால் இடது பக்க விளக்கு புதுசு, பளிச்சென்று இருக்கும். வலது பக்கம் பழசு, மஞ்சள் பூத்துப்போனது. இடது பக்கம் ஏன் புதுசு என்று உனக்கே தெரியும். காலை ஐந்தே காலுக்கு மடவார்வளாகம் முக்கில் வந்து நிற்கும். அதில் ஏறித்தான் நான் மில்லுக்குப் போகிறேன். வாரத்தில் ஆறு நாள், இரண்டு வருஷமாக. டிரைவர் மட்டும்தான் வேறு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மேனேஜர் வீடு தேடி வந்து வேலை தருகிறேன் என்றபோது கருணை என்று நினைத்தேன். வேன் வந்து நின்ற முதல் நாள்தான் நம்பரைப் பார்த்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இடது விளக்கு உடைந்து நின்ற அதே நம்பர். உள்ளே இருந்தவள், “ஏறுட்டி, நேரமாகுது” என்றாள். ஏறிவிட்டேன். பிள்ளைக்குச் சோறு போட வேண்டுமே. ஏறி உட்கார்ந்துகொண்டு, இந்தச் சக்கரம்தானே என்று நினைக்காத நாள் கிடையாது.

இது போகட்டும். தலைசுற்றல் என்று நாம் சொன்னோமே, ஊர் அதை என்னவாக ஆக்கியது தெரியுமா? நாற்பது வயசு, கல்லு மாதிரி இருந்த மனுஷன், பட்டப்பகலில் நடுரோட்டில் தலை சுற்றி விழுந்தான் என்றால் என்ன நினைப்பார்கள்? “ஊத்திக்கிட்டு வந்திருப்பான்.” டீயைத் தவிர வேறொன்றும் நாக்கில் படாத மனுஷன்! மண்டியில் நாலு பேர் குடிக்கக் கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவார், வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பேச்சு அங்கேயிருந்து நான் குடிவந்த இந்த ஊர் வரைக்கும் வந்துவிட்டது. ரஞ்சனி வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது, “உங்கப்பா குடிச்சிட்டுத்தான செத்தாரு?” அழுதுகொண்டு வந்து என்னிடம் கேட்டாள். நான் என்ன சொல்ல? “இல்லட்டி, தலை சுத்திருச்சு” என்றேன். “தெனமும் சுத்துமா, அன்னிக்கு மட்டும் சுத்துச்சா?” என்றாள். அன்றிலிருந்து அவள் அப்பா படத்துக்கு விளக்கேற்றுவதில்லை. நான் ஏற்றச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் அண்ணன் சங்கையா குடித்து விழவில்லை, தலை சுற்றியும் விழவில்லை. ஓரமாக, ஒழுங்காக நடந்து போனவரை மில் வேன் பின்னாலிருந்து அடித்தது. இது ஒரு சர்க்கார் காகிதத்தில் இருக்க வேண்டும். யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

இன்னொன்று. அண்ணன் செத்து மூன்று மாதத்தில் உனக்கு அந்தக் கம்பெனி வேலை எப்படிக் கிடைத்தது? சுற்றி வளைக்காமல் சொல்.

முனீஸ்வரி


ராஜபாளையம்
2.9.2025

மதினிக்கு,

வைகுண்டராஜ் சார் சொல்லித்தான் கிடைத்தது. போதுமா? நான் போய்க் கேட்கவில்லை. அவராகவே கூப்பிட்டுச் சொன்னார். டிப்ளமோ முடித்துவிட்டு எட்டு வருஷம் செல்போன் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தவன் நான். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

கேட்டதோடு சேர்த்துக் கேட்காததையும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நான் உங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் படிக்கட்டுக்கு அடியில் என்னை நிறுத்திப் பேசினார். வேலையைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை வரவில்லை, அது அம்மா மேல் சத்தியம். ஆனால் மண்டையில் இருந்து வயிறு வரை என்று உங்களிடம் சொன்னேனே, அது என் வார்த்தை இல்லை. அவர் சொன்னது. அப்படியே வந்து உங்களிடம் ஒப்பித்துவிட்டேன். அவர் எதற்காகச் சொல்கிறார் என்று யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, நான் ஈனப்பயல். ஆனால் ஒன்று கேட்கிறேன். டயர் அச்சைப் பார்த்த பிறகும் நீங்கள் வாயைத் திறக்கவில்லையே. நம்பரைப் பார்த்த பிறகும் ஏறினீர்களே. உங்கள் சோறு அந்த வேனில் வருகிறது, என் சோறு ரோடு அளக்கிற இந்த டேப்பில் வருகிறது. இரண்டையும் போட்டது ஒரே கைதான். என்னை மட்டும் நடுத்தெருவில் நிறுத்தித் துப்புகிறீர்கள். பொய்யில் பாதி உங்களுடையதுதான் மதினி.

அண்ணன் விழுந்த இடத்தை நானேதான் அளந்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆயிரத்து முன்னூற்று நாற்பதாவது மீட்டர். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் எழுதியாச்சா, எழுதியாச்சா என்று மூன்று தரம் கேட்டார். சாவு நடந்த இடங்களில் படத்தில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். அந்த இடத்தில் இன்னும் வைக்கவில்லை. உங்கள் காகிதம் வந்தால்தான் வைக்க முடியும்.

அண்ணன் பெயரும் வேண்டும், பாதையும் வேண்டும் என்றால் இரண்டும் ஒரே பைலுக்குள் வராது. ஒன்றைச் சொல்லுங்கள். இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

சிவபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.9.2025

சிவபாண்டிக்கு,

பாதி என்னுடையது என்றாய். சரிதான். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன், மூன்றாம் நாள் நீ சொன்னது உண்மை என்று தோன்றிவிட்டது. என் பாதியை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இத்துடன் இருக்கிறது.

நேற்று லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற நோட்டரி வக்கீலிடம் போனேன். நீ டைப் அடித்ததைக் கிழித்துப் போட்டேன். நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். வேன் நம்பர் இருக்கிறது. டயர் அச்சு இருக்கிறது. முதலில் பொய்க் கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதும் இருக்கிறது. உன் பெயரும் மேனேஜர் பெயரும் இருக்கிறது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நல்லா யோசிச்சுக்கோம்மா, வேலை போயிரும்” என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன்.

சாட்சி விஜி. உன் அண்ணன் செத்த அன்றைக்கு ஷிப்ட் விட்டு அவருக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தவள் அவள்தான். இரண்டு வருஷமாக என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து மிஷினில் நின்று வேலை பார்த்தாள். போன வாரம் நேராகவே கேட்டேன். அழுதுவிட்டாள். “எனக்கும் பயந்தான்க்கா. ஆனா அந்த ரோட்டுல நாந்தானக்கா தெனமும் நடக்கேன்” என்றாள். மறுபேச்சில்லாமல் என்னோடு பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு இருபத்தாறு வயசு. உனக்கும் எனக்கும் வராத தைரியம் அவளுக்கு வந்தது.

வைத்தால் முழுசாக வை. இல்லாவிட்டால் வைக்கவே வேண்டாம். பாதியாக மட்டும் வைக்காதே.

முனீஸ்வரி


ராஜபாளையம்
20.9.2025

மதினிக்கு,

பத்திரம் வந்தது. படித்தேன்.

இதை வைக்க முடியாது. வைத்தால் ஆறடி போய்விடும், ஆறடி போனால் பாதை போய்விடும். இரண்டு பேரோடு விண்ணப்பத்தை அனுப்பினால் அவர்கள் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டு வழியிலும் பாதை இல்லை. விஜிக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஒரே ஒரு வரிதான் மதினி. நம்பர் இருக்கிற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். குடிக்கவில்லை என்று வேண்டுமானால் கூடுதலாகவே எழுதிக்கொள்ளலாம். நானே வக்கீலிடம் வருகிறேன். இருபத்தெட்டாம் தேதிக்குள் சொல்லுங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

சிவபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
26.9.2025

சிவபாண்டிக்கு,

ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன், கடைசி நாளுக்குள் உனக்குக் கிடைத்துவிடும்.

விஜி செத்துப்போனாள். ஊருக்குள்ளேதான் இருக்கிறாய், இதற்குள் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே நீ நிற்கவில்லை, நான் நின்றேன்.

நேற்று வியாழக்கிழமை, இரண்டு மணி ஷிப்ட் விட்டு நான் வேனில் ஏறப் போனேன். அவள் “வாரேங்க்கா” என்று சொல்லிவிட்டு நடந்தாள். கேட்டுக்கு வெளியே பஞ்சு இறக்கிவிட்டு அவளுக்குப் பின்னால் வந்த லாரி. ஒதுங்குவதற்கு ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் குழி. சத்தம் கேட்டு நான் ஓடினேன். டிபன் பாக்ஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

அதே ஆஸ்பத்திரி. அதே வராந்தா. விஜியின் அம்மா செல்லத்தாய் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வைகுண்டராஜ் வந்தார். என்னைப் பார்த்துவிட்டுச் செத்த நேரம் தயங்கினார், ஆனாலும் வந்தார். குனிந்து, நல்ல மனுஷர் மாதிரி மெதுவாகத்தான் பேசினார். “கேஸுன்னு போனா பிள்ளையை அறுத்திருவாங்கம்மா. கல்யாணமாகாத பிள்ளை. மண்டையில இருந்து வயிறு வரைக்கும்.” வார்த்தை மாறவில்லை சிவபாண்டி. வரிசைகூட மாறவில்லை. மயக்கம் போட்டு விழுந்தது என்று எழுதிய தாளும் கையில் தயாராக இருந்தது.

செல்லத்தாய் பேனாவை வாங்கிவிட்டாள். நான் கையைப் பிடித்தேன். “அறுக்கட்டும்க்கா” என்றேன். “அறுத்தாத்தான் எழுதுவாங்க. அறுக்கலைன்னா ஒம் பிள்ளை அடிபட்டே சாகல.” அவள் என்னை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். நியாயம்தான், பெற்றவள்தானே. அறைந்துவிட்டுப் பேனாவைக் கீழே போட்டாள். ஸ்டேஷனுக்கு நானே போன் போட்டேன். இன்று மதியம் அரசு ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகம் தெரிந்தது. முகத்தை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதைக்கூட நம்மிடம் பொய்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கேஸ் பதிவாகிவிட்டது. எப்.ஐ.ஆர். நகல் இத்துடன் இருக்கிறது. லாரி வெளியூர் லாரி, மில் பெயர் எங்கேயும் இல்லை. உன் ஆறடி பத்திரமாக இருக்கும். உனக்குக் குறைந்த மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டாள், எடுத்துக்கொள்.

இன்று காலை வேன் மடவார்வளாகம் முக்கில் நிற்கவில்லை. டிரைவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனான். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். வேலை போய்விட்டது என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். மூன்று பேராவது இருக்க வேண்டும் என்றுதானே நிபந்தனை? நான்கு பேர் இருக்கக் கூடாது என்று இல்லையே. உனக்கு மூன்று கிடைத்துவிட்டது. இனி உன் அண்ணனை நீ பாதைக்காகச் சேர்க்க வேண்டியதில்லை. உண்மை என்பதற்காகச் சேர்க்கலாம். என் பத்திரம் உன்னிடம்தான் இருக்கிறது. அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் இனி வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை.

முனீஸ்வரி


ராஜபாளையம்
15.12.2025

மதினிக்கு,

மானியம் கிடைத்துவிட்டது. நேற்றுத்தான் கடிதம் வந்தது. தை பிறந்ததும் வேலை ஆரம்பம். கேட்டபடியே இரண்டே கால் கிலோமீட்டரும் வந்திருக்கிறது. ஆபீசில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். என்னுடையதைப் பக்கத்து மேஜைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதமாக உங்களுக்கு எழுதாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். மூன்று பேரைத்தான் வைத்தேன். ஆண்டிச்சாமி, பேச்சிமுத்து, விஜி.

செப்டம்பர் முப்பது சாயங்காலம் வரை உங்கள் பத்திரம் பைலுக்குள்தான் இருந்தது. பக்க எண்கூடப் போட்டேன். ஐந்தரை மணிக்கு வைகுண்டராஜ் சார் சம்மதக் கடிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, அப்படியே நின்று பைலைப் புரட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு எடுத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போய் எடுத்தது. என் கைக்கு அது பழகிவிட்டது போல.

ஆயிரத்து முன்னூற்று நாற்பதாவது மீட்டரில் பாதை ஒரு வேப்பமரத்தைச் சுற்றி வளைந்து போகிறது. அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டு வரைந்திருக்கிறேன். யார் ஞாபகத்துக்கு என்று எழுத முடியாது. என்னால் ஆனது அவ்வளவுதான்.

உங்களுக்கு வேலைக்கு எங்காவது சொல்லட்டுமா? பாண்டேஜ் துணிக் கம்பெனியில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, கேட்டால் நீங்கள் கிழித்துப் போடுவீர்கள்.

சிவபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.12.2025

சிவபாண்டிக்கு,

வேலை வேண்டாம். இங்கே ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறேன், நடந்தே போய்விடலாம். இனி உங்கள் வீட்டு ஆள் யாரும் எனக்கு எதுவும் வாங்கித் தர வேண்டாம்.

பெஞ்சு போட்டாயா? நல்லது, நடந்து களைத்தவர்கள் உட்காரட்டும். நான் வந்து உட்கார மாட்டேன்.

என் பத்திரத்தைத் திருப்பி அனுப்பு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ரஞ்சனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கு, ஒன்றையும் மறைக்காமல் முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப இத்தனை நாள் சொன்னது?” என்றாள். பொய் என்றேன். “இது மட்டும் நெசமுன்னு நான் எப்படி நம்ப?” என்றாள். வக்கீல் கொடுத்த ஜெராக்ஸை எடுத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று வைத்துவிட்டாள். விஜியைக் கேள் என்று சொல்ல விஜியும் இல்லை.

இரண்டு வருஷமாகத் தலை சுற்றியது, தலை சுற்றியது என்று அந்தப் பிள்ளை காதில் ஓதியவள் நான்தான். இனி நான் என்ன சொன்னாலும் அவளுக்கு ஏறாது. முத்திரை வைத்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்ட அசல் தாளைப் பார்த்தால் ஒருவேளை நம்புவாள். பார்த்தும் நம்பாமல் போனாலும் போவாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் அப்பா எப்படிச் செத்தார் என்று சரியாக எழுதியிருப்பது உலகத்தில் அந்த ஒரு தாளில்தான். அது உன் மேஜை டிராயரில் கிடக்க வேண்டாம். சாதாத் தபாலில் போட்டுவிடாதே, தொலைந்துவிடும். பதிவுத் தபாலில் அனுப்பு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

முனீஸ்வரி